நெடுநல்வாடையும் விமான நிலையக் காத்திருப்பும்



காத்திருத்தலுக்கென்று ஒரு நிலத்தையே ஒதுக்கிக் கொடுத்தது தமிழ்ச் செய்யுள் மரபு. காடும் காடு சார்ந்த இடமும் முல்லை. கார்காலமும் மாலையும் அதற்குரிய பொழுதுகள். இருத்தல் அதன் உரிப்பொருள். பிரிவுக்குப் பாலையை வகுத்தது. பிரிந்து செல்பவன் ஒருவன், ஆற்றியிருப்பவள் ஒருத்தி. செல்பவனுக்கு வழி உண்டு. இருப்பவளுக்கு வீடு உண்டு. இந்தப் பங்கீட்டின் மேல்தான் அகப்பாடல்களில் பெரும்பகுதி நிற்கிறது.

செல்ல வேண்டியவனே செல்ல இயலாமல் இருக்க நேர்ந்தால் அது எந்தத் திணை? அவன் வீட்டை விட்டு வந்துவிட்டான். வழியோ இன்னும் தொடங்கவில்லை. அவனுடைய இருப்பு முல்லையும் அன்று, பாலையும் அன்று. ஏட்டில் மட்டும் எழும் வினா அன்று இது. ஆண்டுதோறும் மார்கழியிலும் தையிலும் டில்லி விமான நிலையத்தின் காத்திருப்புக் கூடங்களில் ஆயிரக்கணக்கானோர் விடையின்றி அமர்ந்திருக்கும் வினா.

டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரியிலும் பஞ்சாப் தொடங்கி வங்காளம் வரை கங்கைச் சமவெளியில் மூடுபனி படர்கிறது. மேற்கிலிருந்து வரும் வானிலைக் கலக்கம் சிறுமழையைத் தந்து நிலத்தை நனைத்துச் செல்லும். அடுத்து வரும் இரவில் வானம் தெளிந்து காற்றும் அடங்கிவிட்டால், தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றிலுள்ள ஈரம், தூசியையும் புகைத்துகள்களையும் பற்றிக்கொண்டு நுண்துளிகளாகிறது. மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்ந்துகொள்வதால் கீழே உள்ளது கலைவதில்லை. விடியற்காலையில் அது மிகச் செறிந்து, வெயில் ஏறிய பின்னரே விலகும். 2015ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனமும் இந்திய வானிலைத் துறையும் இவ்விமான நிலையத்திலேயே கருவிகளை நிறுவி இதனை ஆராயத் தொடங்கின.

முன்னிரவில் பெய்வது முன்பனி, பின்னிரவில் பெய்வது பின்பனி என்பது பழைய விளக்கம். டில்லியின் மூடுபனி முன்பனிப் பருவத்தில் வந்து, பின்பனியின் இயல்போடு விடியலை மூடுகிறது. பின்பனிக் காலத்தைத் தொல்காப்பியம் பாலைக்கு உரிமையாக்கியது. பிரிவுக்கு வேனில் மட்டுமன்று, குளிரும் பொருந்தும் என்று அறிந்திருந்த இலக்கணம் அது.

ஓடுபாதையில் கண்ணுக்கு எட்டும் தொலைவைக் கருவிகள் இடைவிடாது அளந்து மீட்டரில் சொல்கின்றன. பெங்களூரிலுள்ள தேசிய வானூர்தி ஆய்வகம் உருவாக்கிய அத்தகைய கருவி ஒன்றின் பெயர் ‘திருஷ்டி’. வடமொழியில் பார்வை, நம்மவர் வாயில் அதுவே கண்ணேறு. விமானம் புறப்படாமல் கிடக்கும் காலையில் இரண்டு பொருளும் பொருந்தத்தான் செய்கின்றன.

இங்கே கவிஞர்கள் கருதத்தக்க விதி ஒன்று உண்டு. உரிய கருவிகளும் பயிற்சியும் இருந்தால், கண்ணுக்கு எட்டும் தொலைவு 50 மீட்டராகக் குறைந்தபோதும் டில்லியில் விமானம் இறங்கலாம். ஏறுவதற்கோ 125 மீட்டர் வேண்டும். இறங்கும் விமானத்தைத் தரையிலிருந்து வரும் அலைகள் வழிநடத்துகின்றன. தானியங்கிப் பொறி இறக்கிவிடுகிறது. ஏறும் விமானத்தை ஓடுபாதையின் நடுக்கோட்டு விளக்குகளைப் பார்த்துப் பார்த்து மனிதக் கைதான் செலுத்த வேண்டும். வந்து சேரக் கண் வேண்டியதில்லை. பிரிந்து செல்லக் கண் வேண்டும்.

இந்த 125 மீட்டருக்காக ஒரு ஜனவரிக் காலையில் காத்திருந்தார் ஒருவர். டில்லியில் எழுத்தர் பணி. திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் முன்னாள் இரவு தாயார் காலமாகிவிட்டார். இவர் ஒரே மகன். காலை 6.10க்குச் சென்னை விமானம். நான்கு மணிக்கே கூடத்துக்கு வந்துவிட்டார். அறிவிப்புப் பலகை 7.30 என்றது, பிறகு 9.00 என்றது, பிறகு நேரத்தையே எடுத்துவிட்டு, பின்னர் அறிவிக்கப்படும் என்றது.

தாய்மாமன் தொலைபேசியில் அழைத்தார்.

“மாப்ளே, ஏறிட்டியா?”

“இன்னும் இல்ல மாமா. பனி.”

“எப்ப எடுக்கறதுன்னு எல்லாரும் கேக்கறாங்க. இன்னா சொல்லட்டும்?”

இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அங்கே தாயார் ஐஸ்பெட்டியில் இருந்தார். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம்.

முல்லைப் பாட்டின் தலைவிக்கு அவன் குறித்துச் சென்ற பருவம் உண்டு. மழை பெய்து கொன்றை பூத்தும் அவன் வாராதபோது, இது கார் அன்று, காலமல்லாத காலத்தில் பெய்த மழையைக் கண்டு மரம் ஏமாந்து பூத்தது என்று தோழி தேற்றுவாள். அறிவிப்புப் பலகைக்கு அந்தக் கருணை இல்லை. அதில் தோன்றும் ஒவ்வொரு நேரமும் காலமல்லாத மழை. அதை நம்பி எழுந்து பையைத் தோளில் மாட்டியவர்கள் மீண்டும் அமர்கிறார்கள். இத்தகைய அமர்தலும் எழுதலும் மனிதரை என்ன செய்துவிடும் என்பதற்கு 2024 ஜனவரி சான்று. கோவாவிலிருந்து டில்லிக்குப் புறப்பட்டு, மூடுபனியால் மும்பைக்குத் திருப்பிவிடப்பட்ட விமானத்தின் பயணிகள், அதன் அருகிலேயே தரையில் அமர்ந்து உணவு உண்டதை நாடே பார்த்தது. அதே நாட்களில் டில்லியில் தாமத அறிவிப்பைச் சொன்ன விமானியைப் பயணி ஒருவர் அடித்ததும் நிகழ்ந்தது. அதன்பின், மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் எனத் தெரிந்தால் பயணத்தை முன்கூட்டியே ரத்துச் செய்யலாம் என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் விதி வகுத்தது. விதி, காத்திருப்பின் நீளத்தை அளக்கிறது. கனத்தை அளப்பது கவிதையின் பணி.

அதற்குத் தமிழில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. நக்கீரரின் நெடுநல்வாடை 188 அடிகளில் ஒரே குளிர்கால இருளைப் பாடுகிறது. விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன, குரங்குகள் நடுங்குகின்றன, விசிறிகள் சுருக்கி மாட்டப்பட்டுச் சிலந்தி நூல் படிந்து தொங்குகின்றன. மழை மூட்டத்தால் கதிரவன் தெரியாத ஊரில் மகளிர், பூந்தட்டிலிட்ட அரும்பு விரிந்து மணப்பதைக் கொண்டு மாலை வந்ததை அறிகிறார்கள். மாடப்புறாக்கள் பகலா இரவா என்று அறியாமல் கால் மாற்றி நிற்கின்றன. அரண்மனையில் அணிகளைக் களைந்த அரசி உறக்கமின்றிக் கிடக்கிறாள். பாசறையில் அரசனும் உறங்கவில்லை. வாடையில் விளக்கின் சுடர் தெற்கே சாய, நள்ளிரவில் அவன் புண்பட்ட வீரர்களைக் கண்டுவரச் செல்கிறான். பிரிந்தவளுக்குப் பொழுது நீள்வதால் நெடிய வாடை. கடமையில் நிற்கும் அரசனுக்கு நல்ல வாடை என்று உரையாசிரியர் பெயர்க்காரணம் காட்டுவர்.

இந்தப் பாட்டில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, பிரிந்து சென்றவனும் விழித்திருக்கிறான். இருத்தல் அவளுக்கு மட்டும் உரியது என்ற பங்கீட்டை நக்கீரர் அந்த ஓர் இரவில் தளர்த்திவிட்டார். மற்றொன்று, அரசனின் நெஞ்சுக்குள் புகுந்து அவன் துயரைப் புலவர் எடுத்துரைக்கவில்லை. அவன் நடந்ததைச் சொன்னார். சுடர் சாய்ந்த திசையைச் சொன்னார். காயம்பட்டவர்களிடம் அவன் சென்றதைச் சொன்னார். அவ்வளவே.

காத்திருப்புக் கூடத்துக்குத் திரும்பலாம். அங்கே பகலும் இரவும் ஒரே வெளிச்சம். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வெண்மை தவிர வேறில்லை; வாயிலருகே நிற்கும் விமானத்தின் மூக்கு தெரிகிறது, இறக்கை தெரியவில்லை. புறாக்களைப் போலவே மனிதர்களும் கால் மாற்றி நின்றார்கள். அவருக்கு அடுத்த இருக்கையில் ஒரு மூதாட்டி. எழுதப் படிக்கத் தெரியாதவர். பாட்னாவில் உள்ள மகளைப் பார்க்கத் தனியே செல்பவர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, என் விமானம் போய்விட்டதா என்று இந்தியில் கேட்டார். ஒவ்வொரு முறையும் இவர் எழுந்து சென்று பலகையைப் படித்துவந்து, இல்லை அம்மா, இன்னும் இருக்கிறது என்றார். அம்மா என்ற சொல்லை அந்தக் காலையில் அவர் எத்தனை முறை சொன்னாரோ, எண்ணியவர் இல்லை. தம் துயரை அந்த மூதாட்டியிடம் அவர் சொல்லவில்லை. தேநீர் வாங்கிவந்து ஒரு குவளையை அவர் கையில் கொடுத்தார்.

அரசன் பாசறையில் நடந்த நடையும் இந்த நடையும் ஒரே இனத்தவை. தன் பொழுது தன் கையில் இல்லாதபோது, அருகிலிருப்பவரின் பொழுதைப் போய்ப் பார்த்துவரும் நடை. செல்ல முடியாதவனின் இருத்தலுக்கு உரிய செயல் எது என்று கேட்டால், இதையே சுட்டலாம்.

பத்தரை மணிக்குப் பனி விலகத் தொடங்கியது. ஆயினும் விமானம் எழவில்லை. விமானிகளின் பணிநேரத்துக்கு வரம்பு உண்டு. பனியில் காத்திருந்த நேரமும் அக்கணக்கில் சேரும். வேறு குழு வந்தாக வேண்டும். அதற்குள் பாட்னா விமானத்துக்கு அழைப்பு வந்தது. மூதாட்டியை வாயில்வரை கொண்டுபோய் விட்டுவந்தார். சென்னை விமானம் 12 மணிக்கு எழுந்தது. மூன்று மணிக்குள் மீனம்பாக்கம். அங்கிருந்து கார்.

மாமா இடையில் ஒருமுறைதான் அழைத்தார். “பொறுமையா வா மாப்ளே. ஊர்ல சொல்லிட்டேன். பையன் வந்துதான் எடுக்கணும்னு.”

பொழுது சாய்கிற நேரத்தில் அவர் ஊர் எல்லையை அடைந்தபோது, தெருவில் ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டி நின்றிருந்தார்கள். பந்தலில் பெண்கள் அமர்ந்திருந்தார்கள். காலையிலிருந்து ஒருவரும் அடுப்பு மூட்டவில்லை. பனியே அறியாத ஓர் ஊர், எங்கோ டில்லியில் பெய்த பனிக்காக ஒரு பகல் முழுவதும் காத்திருந்தது. முகத்தைப் பார்த்தார். அதன்பின் எடுத்தார்கள்.

அந்த ஊரின் காத்திருப்பு முல்லை. அதற்குப் பெயர் உண்டு, பாட்டு உண்டு. கூடத்தில் ஏழெட்டு மணி நேரம் பலகைக்கும் இருக்கைக்கும் இடையே அவர் நடந்த நடைக்குத்தான் இன்னும் பெயர் இல்லை. புதிய திணை ஒன்றை அறிவித்துவிடுவதால் அந்தக் குறை தீராது. நக்கீரர் திணை எதையும் அறிவிக்கவில்லை. சுடர் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்த்தார். அரும்பு மணப்பதைக் கொண்டு பொழுது அறிந்தவர்களைப் பார்த்தார். தமிழர் பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் உயிரைக் காத்துக்கொள்ளவும் ஊரைவிட்டுச் சென்று, நல்லது கெட்டதற்கு விமானமேறித் திரும்பும் காலம் இது. செல்பவர்களே காத்திருப்பவர்களாகவும் ஆகிவிட்ட காலத்தில், அவர்கள் அமரும் இடங்களைக் கூர்ந்து பார்க்கும் கண் கவிஞர்களுக்கு வேண்டும்.

பத்தாண்டுகளாக மாதந்தோறும் கூடி, பாட்டைப் படித்தும் எழுதியும் வரும் இவ்வட்டத்தின் முன் வைக்கத்தக்க வேண்டுகோள் இது ஒன்றே. பிரிந்து செல்லக் கண் வேண்டும் என்பது விமானத்துக்கான விதி. பிரிந்து செல்பவர்களைப் பாடவும் அது வேண்டும்.