ஏரிக்கரையில் ஒரு தேடல்



அமெரிக்காவில் கலிபோர்னியா, நெவாடா மாநிலங்களின் எல்லையில், 1,897 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது டாஹோ ஏரி. அதைச் சூழ்ந்த மலைப்பாதைகளில் 'ஜியோகேச்சிங்' என்றொரு விளையாட்டு நிகழ்கிறது. ஒருவர் சிறு பெட்டியை மறைத்து, அட்சரேகை, தீர்க்கரேகைகளை அறிவிப்பார். பிறர் செயற்கைக்கோள் வழிகாட்டும் கருவியுடன் தேடிக் கண்டு, உள்ளிருக்கும் ஏட்டில் பெயரெழுதி, மீண்டும் அங்கேயே வைப்பர். 2000ஆம் ஆண்டு ஆரிகனில் தோன்றிய இவ்விளையாட்டில், பெட்டியை மண்ணில் புதைத்தல் ஆகாது.

அவ்விதியின் பொருளை ஏரியே உணர்த்துகிறது. 1968இல் அந்நீரில் இறக்கிய வெள்ளைத் தட்டு, சராசரியாக 31 மீட்டர் ஆழம்வரை தெரிந்தது. இக்காலத்தில் ஏறத்தாழ 20 மீட்டரே. சாலைகளிலும் குடியிருப்புகளிலும் இருந்து மழைநீர் அடித்துவரும் நுண்மண் அதற்கொரு பெருங்காரணம். அழகை நாடி வந்தோரே அழகை மங்கச் செய்தனர்.

வேற்று மாநிலங்களில் வாழும் நாமும் விடுமுறையில் மலையேரிகளை நாடுகிறோம். கண்ட இடத்தைக் கண்டவாறே விட்டு வருதல் விருந்தினர்க்கு அழகு.