ஐந்து பெருமாள் கூடும் ஆற்றங்கரை



காஞ்சிபுரத்தில் உத்திரமேரூர் பேருந்தில் ஏறினால், ஊர் எல்லை தாண்டியதும் பாலாறு. களக்காட்டூர், மாகறல் என்று வயல்களுக்கு நடுவே போகும் சாலை, செய்யாற்றையும் கடந்து, உத்திரமேரூருக்குக் கொஞ்சம் முன்னால் திருப்புலிவனத்தைத் தொடும். சாதாரண நாளில் இங்கே இறங்குகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். வியாழக்கிழமையானால் மட்டும் கொண்டைக்கடலை மாலையும் கையுமாக வெளியூர் முகங்கள் தென்படும். வியாக்ரபுரீஸ்வரர் கோயிலில் சிங்கத்தின் மேல் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் தட்சிணாமூர்த்திக்காக வருகிறவர்கள் அவர்கள். வண்டு வாய் வைப்பதற்கு முன்னால் மரமேறிப் பூப்பறிக்க வேண்டும் என்று புலிக்கால் கேட்டு வாங்கிய வியாக்ரபாத முனிவர் வழிபட்ட தலம் என்பது ஐதீகம். சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோயிலைச் சுற்றி ஒரு தெரு நடந்தால் ஊர் முடிந்து நெல் வயல் தொடங்கிவிடும்.

ஆனால் இன்றைய பயணத்தில் திருப்புலிவனம் நமக்குப் புறப்படும் இடம் மட்டும்தான். நாள், மாட்டுப் பொங்கல்.

காலையிலேயே தெருவில் மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கொம்புக்குச் சிவப்பு, இன்னொன்றுக்குப் பச்சை. சிலர் கட்சிக் கொடியின் வர்ணத்தையே அடித்திருந்தார்கள்; மாட்டுக்கு அதில் கருத்து எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. டீக்கடையில் நின்ற பெரியவர் ஒருவரிடம், காஞ்சிபுரம் போய் வரதராஜப் பெருமாளைச் சேவிக்கலாம் என்றிருக்கிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அங்க எதுக்கு சார் போறீங்க? உற்சவர் இன்னிக்கு ஊர்லயே இல்ல. முக்கூடலுக்கு வந்துருவாரு. சாயங்காலமா அங்க போங்க."

அவர் சொன்னது சரி. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் தன் பெரிய கோயிலை விட்டுவிட்டு, இருபது கிலோமீட்டருக்கும் மேல் பயணப்பட்டுப் பாலாற்றங்கரையில் உள்ள பழையசீவரத்துக்கும் அக்கரைத் திருமுக்கூடலுக்கும் வந்துவிடுகிறார். பார்வேட்டை உற்சவம் என்று பெயர். வேட்டைக்குப் புறப்படும் சாமி ஒரு முயலைக்கூடப் பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம். பொங்கலுக்கு லீவு கிடைத்ததும் சொந்த ஊருக்கு மூட்டை கட்டும் சென்னைவாசியைப் போலத்தான் இருக்கிறது இவருடைய புறப்பாடும்.

ஏனென்றால், அவர் போவது பழைய வீட்டுக்கு என்றே இந்தப் பக்கத்து மக்கள் சொல்கிறார்கள். 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் காஞ்சிபுரமே திணறியதே, அத்திவரதர் தரிசனம், நினைவிருக்கும். அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அந்த அத்திமரத் திருமேனிதான் ஆதியில் மூலவர். அவரைக் குளத்தில் எழுந்தருளச் செய்த பிறகு, கருவறைக்கு ஒரு கல் திருமேனி தேவைப்பட்டது. அது பழையசீவரத்திலிருந்து வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. எங்கள் ஊரிலிருந்து போனவர் வருஷத்துக்கு ஒரு நாள் எங்களைப் பார்க்க வருகிறார் என்று பழையசீவரத்துக்காரர்கள் உரிமையோடு பேசுவதற்கு இதுதான் காரணம்.

இந்த உற்சவருக்குப் பயணம் புதிதல்ல. மொகலாயப் படையெடுப்புக்குப் பயந்து பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் அவரை உடையார்பாளையம் காட்டுப் பக்கம் கொண்டுபோய் மறைத்து வைத்தார்கள். 1710இல்தான் காஞ்சிக்குத் திரும்பினார். அது வேறு வழியில்லாமல் போன பயணம். மாட்டுப் பொங்கலுக்கு வருவது விருப்பப்பட்டு வரும் பயணம்.

பொங்கலன்று இரவே புறப்பாடு தொடங்கிவிடும். வாலாஜாபாத் வழியாக வருகிறது பல்லக்கு. வழியில் ஊருக்கு ஊர் மண்டகப்படி. வாசலில் பெரிய கோலம், வாழைமரம், தட்டில் தேங்காய், பழம், கற்பூரம். இந்த ஊர்களில் பொங்கல் இரவு யாரும் சீக்கிரம் படுப்பதில்லை. பெருமாள் எந்நேரம் வருவார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. முந்தின ஊரில் எத்தனை பேர் தட்டோடு நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. தூக்கம் கலையாத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும் தாய்மார்களை ஊருக்கு ஊர் பார்க்கலாம்.

'நடை அழகு ஸ்ரீரங்கம், வடை அழகு திருப்பதி, குடை அழகு காஞ்சி' என்று வைணவர்கள் சொல்வார்கள். குடையைப் பற்றிச் சொன்னது முழு உண்மை. ஆனால் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தது குடையை அல்ல, அதற்குக் கீழே தண்டைச் சுமந்து வந்தவர்களை. ஸ்ரீபாதம் தாங்கிகள் என்று அவர்களுக்குப் பெயர். இடது தோளில் சிலருக்கு, வலது தோளில் சிலருக்கு, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் காய்த்துத் தடித்திருக்கிறது. நடை நிற்காமலே ஆள் மாறுகிறார்கள். புதிதாக வருகிறவர் முதலில் பக்கத்தில் கால் சேர்த்து நாலு எட்டு நடக்கிறார். பிறகு தண்டுக்கடியில் தோளைக் கொடுக்கிறார். பழையவர் குனிந்து விலகிக்கொள்கிறார். மேலே பெருமாளின் மாலை அசையவேயில்லை. விலகி வந்தவர் துண்டை உதறி முகத்தைத் துடைத்துவிட்டு, "தண்ணி இருக்கா சார்?" என்று என்னிடம்தான் முதலில் கேட்டார்.

பழையசீவரத்தில் பத்மகிரி என்ற குன்று. அதன் சரிவில் லட்சுமி நரசிம்மர் கோயில். வரதரைக் குன்றின் மேலுள்ள மண்டபம்வரை தூக்கிச் செல்கிறார்கள். படியேறும்போது முன் தண்டும் பின் தண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதால் பின்னால் இருக்கிறவர்கள் கையை உயர்த்தித் தாங்குகிறார்கள், முன்னால் இருக்கிறவர்கள் முழங்காலை மடக்கி ஏறுகிறார்கள். மேலே திருமஞ்சனம். அங்கிருந்து கீழே பார்த்தால் பாலாறு, அதில் வந்து கலக்கும் செய்யாறு, வேகவதி, அக்கரையில் திருமுக்கூடல். ஜவ்வாது மலையில் பிறந்து திருவண்ணாமலைச் சீமையைக் கடந்து வரும் செய்யாற்றுக்கு இதுவே கடைசித் துறை. நல்ல மழை பெய்த வருஷமானால் தை மாதத்திலும் தண்ணீர் மின்னும். பெய்யாத வருஷம் மணல்தான், அந்த மணலிலும் நாம் மிச்சம் வைத்த அளவுதான்.

சாயங்காலம் வரதர் மலையிறங்குகிறார். பழையசீவரம் நரசிம்மரும் கூடச் சேர்ந்துகொள்கிறார். இருவரும் பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்குப் போகிறார்கள். பாலம் வருவதற்கு முன்னால் ஆற்றுக்குள் இறங்கித்தான் கடந்திருக்க வேண்டும். ஆற்றுக் காற்று பலமாக அடித்ததில் குடைக் கம்பை இரண்டு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். பாடுகிற கோஷ்டிக்குள் யார் முதலில், எந்தப் பாட்டு என்பதில் வடகலைக்கும் தென்கலைக்கும் உள்ள வழக்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே நீதிமன்றம் ஏறியது. இன்னும் இறங்கவில்லை. ஆகவே போலீஸ்காரர்களும் பக்தர்களோடு பக்தர்களாக நடக்கிறார்கள்.

அக்கரையில்தான் இந்த விழாவின் அழகு. சாலவாக்கத்திலிருந்து சீனிவாசப் பெருமாள் வருகிறார். காவாந்தண்டலத்திலிருந்து லட்சுமி நாராயணப் பெருமாள் வருகிறார். திருமுக்கூடல் அப்பன் வேங்கடேசப் பெருமாள் எல்லோரையும் வரவேற்கிறார். வரதரையும் நரசிம்மரையும் சேர்த்து ஐந்து பெருமாள் ஒரே இடத்தில். இவர்களில் வரதர் ஒருவர்தான் உலகம் அறிந்தவர். மற்ற கோயில்களைக் காஞ்சிபுரத்துக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் இன்றைக்கு வீட்டுக்காரர் திருமுக்கூடல் பெருமாள், வரதர் விருந்தாளி. சின்ன ஊர்க்காரர்கள் முகத்தில் தெரியும் பெருமிதத்துக்கு அதுதான் அர்த்தம். கூட்டத்தில் என் பக்கத்தில் நின்ற அம்மாள், "நம்ம பெருமாள் எங்க, தெரியுதா?" என்று பேரனுக்கு விரலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த விரல் வரதரைக் காட்டவில்லை.

சுற்றிலும் கரும்புக் கட்டு, பொரி, பஞ்சுமிட்டாய், வளையல் கடை, ராட்டினம். மிளகாய் பஜ்ஜிக் கடையில் வரதருக்கு இருந்த கூட்டத்தில் பாதி இருந்தது.

விழாக் கூட்டத்தில் எல்லோரும் மறந்துவிடும் ஒன்றை மட்டும் நீங்கள் மறக்காதீர்கள். திருமுக்கூடல் கோயில் சுவரில் ஒரு நீண்ட கல்வெட்டு இருக்கிறது. 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராஜேந்திர சோழன் காலத்தது. கோயிலோடு சேர்த்து ஒரு கல்லூரியும், மாணவர் விடுதியும், ஆதுலசாலை என்ற மருத்துவமனையும் நடந்ததை வரவு செலவுக் கணக்கோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். மருத்துவமனைக்கு 'வீரசோழன்' என்று பெயர். படுக்கை 15. வைத்தியர் ஒருவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள். எல்லோருக்கும் சம்பளம் எவ்வளவு என்பதும் அதில் உண்டு. சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் தசமூல அரிதகியும் வருகிறது, பழைய நெய்யும் வருகிறது. மாணவர்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க எண்ணெய்க்குக்கூட ஒதுக்கீடு செய்திருக்கிறார்கள். தொள்ளாயிரத்தைம்பது வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆற்றங்கரைக் கிராமத்தில். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள்; வரட்டும், கணக்குக் காட்டாதவன் தேர்தலில் நிற்கக் கூடாது என்று 921லேயே எழுதிய ஊர் அது. அதே வட்டாரத்தில் உள்ள இந்த மருத்துவமனைக் கல்வெட்டுக்கும் அதில் பாதி கூட்டமாவது வர வேண்டும் என்பது என் ஆசை.

தை மாதத்தில் சாமிகள் ஊர் சுற்றுவது தமிழ்நாட்டில் பல இடத்தில் உண்டு. திருவண்ணாமலையில் மாட்டுப் பொங்கலன்றுதான் அண்ணாமலையாருக்கும் அம்மனுக்கும் தெருவில் ஊடல் நடக்கும். ரத சப்தமிக்கு அதே அண்ணாமலையார் கலசப்பாக்கத்துக்கு வந்து செய்யாற்றில் தீர்த்தவாரி கொடுப்பார். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணையாற்றில் விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துச் சாமிகள் வரிசை கட்டும் ஆற்றுத் திருவிழா பிரசித்தம். திருமலையிலும் கனுமா என்ற மாட்டுப் பொங்கல் நாளில் பார்வேட்டை உண்டு. ஆனால் பெரிய கோயில் சாமி சின்ன ஊர் சாமியின் வாசலுக்கு இத்தனை தூரம் நடந்து வந்து, நாலு பேரோடு ஐந்தாவது ஆளாக நிற்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காஞ்சிபுரத்தில் வரதரைச் சேவிக்க நாம் வரிசையில் நிற்க வேண்டும். இங்கே அவர் நம் தெருவில் நிற்கிறார். சேவிப்பதானால் இங்கேதான் சேவிக்க வேண்டும் என்பேன்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. செங்கல்பட்டு – அரக்கோணம் ரயில் பாதையில் பழையசீவரத்திலேயே நிலையம் இருக்கிறது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம் போகும் மின்சார ரயில் அங்கே நிற்கும். சொந்த வண்டியில் வருகிறவர்கள் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. மற்ற நாட்களில் இந்தச் சாலைகளில் கல்குவாரி லாரிகள் பறக்கும், அப்போதும் கவனம் தேவை. மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்தால் மலையிறங்குவதிலிருந்து எல்லாவற்றையும் பார்க்கலாம். ராத்திரி திரும்பும்போது ஆற்றங்கரையில் குளிரும், ஒரு சால்வை இருக்கட்டும். மறுநாள் காலை, நேரம் இருந்தால், உத்திரமேரூர்ப் பேருந்தைப் பிடித்துத் திருப்புலிவனத்துக்கும் ஒரு நடை வாருங்கள். பகல் 12 மணிக்குமேல் கோயில் நடை சாத்திவிடுவார்கள், அதற்கு முன்னால் போய்விடுங்கள். தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள். காலி பாட்டிலை ஆற்றில் போடாமல் கையோடு திருப்பிக் கொண்டுவாருங்கள்.