தேவை அறிந்து தருவோம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் இறைவனுக்கே! கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு வழங்கும் உதவித்தொகை எந்த அடிப்படையில் அமைய வேண்டும் என்பது பற்றிச் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நமது ஒத்தக்கடையின் இருப்பிடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். யானைமலைக்கு அருகே 1965-இல் தொடங்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. 2004-இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் நமக்கு அண்மையிலேயே உள்ளது. மாட்டுத்தாவணியைக் கடந்தால் மதுரை நகரின் கல்லூரிகள், கே.கே.நகரில் வக்ஃபு வாரியக் கல்லூரி. ஆகவே நம் பிள்ளைகளுக்குக் கல்லூரி தொலைவில் இல்லை. கட்டணம் செலுத்த வேண்டிய நாளில் கையில் பணம் இருக்கிறதா என்பதே கேள்வி.

நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு 2006-இல் அளித்த அறிக்கையை நாம் அறிவோம். நாட்டின் முதன்மையான கல்லூரிகளில் இளநிலை மாணவர் 25 பேரில் ஒருவரும், முதுநிலையில் 50 பேரில் ஒருவருமே முஸ்லிம்கள் என்று அது எடுத்துரைத்தது. அதன்பின் 2007-இல் சிறுபான்மையினருக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் திட்டங்கள் வந்தன. பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், முந்தைய தேர்வில் 50 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும் என விதிகள் அமைந்தன.

தமிழக அரசின் உதவிகளும் போற்றத்தக்கவை. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியே தொழிற்கல்வியில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சென்ற மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தோருக்கும் இவ்வுதவி உண்டு. தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளையும் இவற்றுக்கு விண்ணப்பிக்கச் செய்வது நமது முதற்கடமை.

ஆயினும் அரசின் விதிகளுக்கு ஓர் எல்லை உண்டு. இலட்சக்கணக்கானோருக்கு வகுக்கப்படும் விதி, எந்தப் பள்ளியில் படித்தார், எந்த வழியில் சேர்ந்தார் என்றுதான் பார்க்க இயலும். வளைகுடாவில் தந்தை உழைத்த காலத்தில் மெட்ரிக் பள்ளியில் படித்த பிள்ளை, தந்தை வேலையிழந்து ஊர் திரும்பிய பின் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய்த் திட்டத்தில் இடம் பெறாது. அக்குடும்பத்தின் இன்றைய வறுமையைச் சான்றிதழ் காட்டாது. பக்கத்து வீட்டார் அறிவர். கட்டணச் சலுகை பெற்ற மாணவருக்கும் பேருந்து, உணவு, நூல்கள், தேர்வுக் கட்டணம் ஆகிய செலவுகள் எஞ்சி நிற்கின்றன. வங்கிக் கல்விக் கடன் 4 லட்சம் வரை பிணையின்றிக் கிடைக்கும் என்றாலும், வட்டியைத் தவிர்க்க நாடும் குடும்பங்கள் அவ்வாசலை மிதிப்பதில்லை. இந்த இடைவெளிகளை நிரப்பவே ஜமாஅத்தின் நிதி பயன்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

முதல் மதிப்பெண் பெற்றோருக்குப் பரிசளிக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அது நல்ல வழக்கமே, தொடரட்டும். ஆனால் பரிசு வேறு, உதவி வேறு. 95 விழுக்காடு பெற்ற வசதியான வீட்டுப் பிள்ளை பரிசு இல்லாவிட்டாலும் படிப்பைத் தொடரும். 60 விழுக்காடு பெற்று, மாலையில் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பிள்ளை, ஒரு பருவத் தேர்வுக் கட்டணத்துக்கு வழியின்றி நின்றுவிடக்கூடும். அமெரிக்காவில் 1972-இல் சட்டமாகிப் பின்னர் பெல் மானியம் எனப் பெயர் பெற்ற திட்டம், குடும்ப நிலையையும் கல்லூரிச் செலவையும் கணக்கிட்டே தொகையை முடிவு செய்கிறது. மதிப்பெண் வரிசையைப் பார்ப்பதில்லை. படிப்பில் போதிய முன்னேற்றம் இருந்தால் தொடர்ந்து வழங்குகிறது. நம் மாநிலத்தில் 2006-இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, 2010 முதல் நடத்தும் விதை திட்டத்தில், விண்ணப்பித்த மாணவரின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் சென்று குடும்ப நிலையைக் கண்டறிகிறார்கள். ஒரே மஹல்லாவில் வாழும் நமக்கு இது இன்னும் எளிது.

எனவே பின்வரும் முறைகளைப் பொதுக்கூட்டத்தின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறோம்.

முதலாவதாக, விண்ணப்பங்களை மூவர் கொண்ட குழு மட்டுமே பார்க்கட்டும்; அம்மூவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கணவரை இழந்த தாய்மார்கள் தங்கள் நிலையை அவரிடம் தயக்கமின்றிச் சொல்ல இயலும். நிர்வாகக் குழுவுக்குப் பெயரின்றி எண் மட்டும் செல்லட்டும்.

இரண்டாவதாக, கல்லூரிக் கட்டணத்தை நேரே கல்லூரிக்குச் செலுத்துவோம். பேருந்து, உணவுச் செலவுகளை மாணவரின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் சேர்ப்போம்.

மூன்றாவதாக, ஒருமுறை தேர்வு செய்யப்பட்டவருக்குப் படிப்பு முடியும் வரை உதவி தொடரட்டும். வருகைப் பதிவு ஒழுங்காக இருந்தால் போதும். ஒரு பாடத்தில் தவறியதற்காக உதவியை நிறுத்த வேண்டாம். முதலாண்டில் தந்து இரண்டாம் ஆண்டில் கைவிட்டால், தந்த தொகையும் வீணாகும், பிள்ளையின் ஓராண்டும் வீணாகும்.

நான்காவதாக, உதவி பெறுவோரை மேடைக்கு அழைக்கவோ புகைப்படம் எடுக்கவோ வேண்டாம். ஆண்டறிக்கையில் எத்தனை பேருக்கு, எவ்வளவு தொகை என்ற கணக்கு மட்டும் வெளிவரட்டும். கொடுத்தவருக்குக் கணக்கு வேண்டும். பெற்றவருக்கு மானம் வேண்டும். இரண்டையும் நாம் காக்க முடியும்.

நிதியின் காலம் குறித்தும் ஒரு சொல். நம் மக்கள் பெரும்பாலும் ரமளானில்தான் வாரி வழங்குகிறார்கள். கல்லூரிக் கட்டணமோ ஜூன், ஜூலை மாதங்களில் வருகிறது. சந்திர ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவாதலால் ரமளான் ஒவ்வோர் ஆண்டும் முன்னே நகர்கிறது. 2026-இல் அது பிப்ரவரியில் தொடங்கியது. வரும் சில ஆண்டுகளில் ஜூனிலிருந்து இன்னும் விலகிச் செல்லும். ஜகாத் நிதியை எவருக்கு, எப்போது வழங்கலாம் என்பதை உலமாப் பெருமக்கள் வழிகாட்டட்டும். அதைச் சாராமல் கல்விக்கென்று தனியே மாதச் சந்தா ஒன்றைத் தொடங்குவோம். வீட்டுக்கு 50 ரூபாய் என்றாலும் ஆண்டுக்கு 600 ரூபாய். நூறு வீடுகள் இணைந்தால் 60,000 ரூபாய். பருவத் தேர்வுக் கட்டணத்துக்காக எந்தப் பிள்ளையும் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள அது நல்ல தொடக்கமாகும். படித்து வேலைக்குச் செல்வோர் விரும்பினால் தாம் பெற்ற தொகையை மீண்டும் இந்நிதிக்கே வழங்கலாம், கட்டாயம் இல்லை.

அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! உங்கள் தெருவில் கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்தும் நிலையில் உள்ள பிள்ளை எவரேனும் இருப்பின், அப்பிள்ளை கேட்கும் வரை காத்திராமல் குழுவினரிடம் தனியே தெரிவியுங்கள். கேட்கக் கூசுவோரே பெரும்பாலும் மிகுந்த தேவையில் இருக்கிறார்கள்.

நம் பிள்ளைகளின் கல்வியை இறைவன் பயனுள்ளதாக ஆக்கி, வழங்குவோரின் பொருளில் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.