கிராயிக் தேவாலயம்

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஸ்காட்லாந்தின் வடபால், மலைகளுக்கிடையே தனித்து நிற்கும் ஒரு சிறிய தேவாலயம். கிராயிக் என்பது அதன் பெயர்.

பேராயர் இன்றி, மூப்பர்களைக் கொண்டு நடைபெறுவது பிரஸ்பிட்டீரியன் சபை. அச்சபைக்கென மலைநாட்டில் அரசாங்கம் தன் செலவில் 32 ஆலயங்களைக் கட்டுவித்தது. பாலங்களுக்குப் பேர்போன பொறியாளர் தாமஸ் டெல்போர்டு அப்பணியை மேற்பார்த்தார். அவற்றுள் ஒன்றாய் 1827-இல் எழுந்தது கிராயிக். அணி அலங்காரம் ஏதுமில்லை. சாய்சதுரக் கண்ணாடிகள் பதித்த பலகணிகளே அதன் அழகு.

1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுற்றது. நிலக்கிழார் விரும்பியவரே குருவாவதா, சபையாரின் இசைவு வேண்டாவா என்பதே பூசலின் உயிர்நிலை. கிராயிக் குரு கஸ்டேவஸ் எய்ர்டும் மக்களிற் பெரும்பாலோரும் புதிய சுதந்திர சபையைச் சார்ந்தனர்.

அண்டையிலிருந்த கிளென்கால்விப் பள்ளத்தாக்கில் 18 குடும்பங்கள் உழுது வாழ்ந்தன. ஆட்டுப் பண்ணைக்கு விட்டால் நிலத்துக்கு மிகுதியான குத்தகை வரும். ஆகவே 1845 மே மாதத்தில் அக்குடிகள் வெளியேற்றப்பட்டனர். போக்கிடமற்ற ஏறத்தாழ 80 பேர், கைக்குழந்தைகளும் முதியோருமாக, கிராயிக் கல்லறைத் தோட்டத்தில் ஒதுங்கினர். கம்பளிகளையும் துணிகளையும் கூடாரமாகக் கட்டிக்கொண்டு குளிரிலே கிடந்தனர். லண்டன் 'டைம்ஸ்' இதழின் நிருபர் அக்காட்சியை நேரிற் கண்டு நாட்டுக்கு உரைத்தார்.

அவர்கள் ஆலயத்தினுள் ஏன் தங்கவில்லை? புனித இடத்தைத் தங்குமிடமாக்க அஞ்சினர் என்பர். இரண்டாண்டுகளுக்கு முன் தாம் விட்டு நீங்கிய சபையின் கட்டடம் அது என்பதும் காரணமாயிருக்கலாம் என்பது என் எண்ணம்.

உள்ளே புகாதவர்கள் கிழக்குப் பலகணியின் கண்ணாடியிற் கீறி எழுதினர். அவர்தம் தாய்மொழி கேலிக்; கீறியதோ ஆங்கிலத்தில். கிளென்கால்வி மக்கள் 1845 மே 24-இல் இங்கிருந்தனர் என்கிறது ஒரு வரி. மற்றொன்று அவர்கள் தம்மைத் தாமே பொல்லாத தலைமுறை என்று குறித்தது. நிலக்கிழாரைப் பழிக்கவில்லை! குடியிழப்பு பாவத்தின் தண்டனை என்று அக்காலக் குருமார் பலர் போதித்தனர். எய்ர்டோ மக்களுக்காக வாதாடியவர். மன்னர் புகழ் பாடும் கல்வெட்டுகள் பலவற்றை நாம் படித்திருக்கிறோம். தம்மைத் தாமே குற்றவாளிகளாக்கிக்கொண்ட இவ்வெளியோரின் ஒரு வரி அவற்றினும் என்னை மிகுதியாக வருத்துகின்றது.

அக்கீறல்கள் இன்றும் உள்ளன. எல்லாம் கண்ணாடியின் வெளிப்புறத்தில் எழுதப்பட்டவை. படிக்க விரும்புவோர் ஆலயத்தை விட்டு வெளியே வந்து, அவர்கள் நின்ற கல்லறைத் தோட்டத்திலேயே நிற்றல் வேண்டும்.