போக மறுக்கும் வைரஸ்

சிலமலை போன்ற ஊர்களில் ஏலக்காய்க் கணக்கும் பிள்ளைகளின் படங்களும் ஒரே கணினியில் இருக்கும் வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட கணினியில் வைரஸை அழித்தாலும் திரும்பத் திரும்ப வருகிறதா? விண்டோஸ் ஓடும்போது அதுவும் கூடவே ஓடி, தேடுகிற மென்பொருளின் கண்ணில் மண்ணைத் தூவுகிறது. ஆகவே விண்டோஸ் எழும் முன்பே தேட வேண்டும். விண்டோஸ் 10, 11-இல் உள்ள டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் அதைத்தான் செய்கிறது. சுமார் 15 நிமிடம், காசில்லை. மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திராவின் தளத்திலும் வைரஸை நீக்கும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. பென்டிரைவையும் சோதியுங்கள், அதை மறந்துவிடுகிறோம். வைரஸ் திருடியிருக்கக்கூடிய வங்கிக் கடவுச்சொல்லை, வைரஸ் இல்லாத வேறொரு கணினியிலோ போனிலோ மாற்றுங்கள். பணம் போயிருந்தால், தயங்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.