பற்றரியின் வலு

வன்னிப் பெருநிலத்திலே 1990களில் புதிய பற்றரி ஒன்றைக் காண்பதே அரிதாயிருந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்கீழ் அங்குக் கொண்டுசெல்லலாகாதெனக் குறிக்கப்பட்ட பொருள்களுள் பற்றரியும் ஒன்று. ஆயினும் செய்தி கேளாமல் இருக்க மக்களால் இயலுமோ? சைக்கிளை நிறுத்திவைத்து ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவிற் பிறந்த மின்னை ஒருதிசைப்படுத்தி வானொலியை இயக்கினர். தேய்ந்த பற்றரிகளை வெயிலிற் காயவைத்தோரும் உளர். காய்ந்த பற்றரி வானொலியைச் சிறிது நேரம் பேசவைக்கும். ரோச் லைற்றில் இட்டாலோ குமிழ் மினுங்கி மங்கும். வானொலி கேட்பது சில பத்து மில்லியம்பியர். குமிழ் கேட்பதோ அதனிற் பன்மடங்கு.

நேயர்களே, அந்த அநுபவம் இன்றும் பயன்படுவதாகும். கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. வவுனியா 2021ஆம் ஆண்டு தனிப் பல்கலைக்கழகமும் பெற்றது. அங்குப் பயில விரும்பும் பிள்ளையொன்று ஆர்டுயினோ பலகை ஒன்றை வாங்கிச் சிறு ரோபோ வண்டி செய்கின்றது என்று கொள்வோம். பலகைக்கு 7 முதல் 12 வோல்ற்று வேண்டுமென்று படித்தவுடன், கடையிலுள்ள 9 வோல்ற்றுச் சதுரப் பற்றரியை வாங்கிவிடும். விளக்கு எரியும், வண்டி ஓரடி நகரும், உடனே பலகை அணைந்து மீண்டும் தொடங்கும். பிள்ளை தன் நிரலிற் பிழையென்றெண்ணி இரவெல்லாம் அதைத் திருத்தும். எத்தனை பிள்ளைகள் இவ்விடத்தில் மனமுடைந்து வண்டியைப் பரணில் ஏற்றிவிடுகின்றனரோ!

பிழை நிரலில் இல்லை. நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் மோட்டர், ஓடும்போது எடுப்பதைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சதுரப் பற்றரியினுள் இருப்பவை ஆறு சின்னஞ்சிறு கலங்கள்; அவற்றின் அகத்தடை பெரிது. பெரும் மின்னோட்டம் கேட்டால் வோல்ற்றளவு சரிந்துவிடும். பலகை உயிர் தரியாது.

ஆதலால் மோட்டருக்கு வேறு மூலமும் பலகைக்கு வேறு மூலமும் கொடுப்பதே நன்று. மீள மின்னேற்றத்தக்க நிக்கல் கலம் ஒவ்வொன்றும் 1.2 வோல்ற்று, ஆறினைத் தொடராக இணைத்தால் 7.2. மோட்டரை இயக்கும் எல்298 துணைப்பலகை தானே ஏறத்தாழ 2 வோல்ற்றை விழுங்குமாதலின், நான்கு கலம் போதாது. ஆர்டுயினோவைக் கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பாங்கிலிருந்து யுஎஸ்பி வழியே இயக்கலாம். சில பவர் பாங்குகள் சிறு மின்னோட்டத்தைக் கண்டு தாமே அணைந்துவிடும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். இரு மூலங்களின் மறைமுனைகளையும் ஒரு கம்பியால் இணைக்க மறத்தலாகாது. அக்கம்பி இல்லையேல் பலகையின் கட்டளை திரும்பிவரும் வழியின்றித் துணைப்பலகைக்கு விளங்காது.

பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய இலிதியம் கலங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வலு மிக்கவைதாம், ஆனால் நேர்முனையும் மறைமுனையும் தவறுதலாக ஒட்டிவிட்டால் கம்பி பழுக்கும், கலம் தீப்பற்றும். ஒவ்வொன்றும் 4.2 வோல்ற்றைத் தாண்ட மின்னேற்றலாகாது. காப்புச் சுற்றும் உருகியும் இல்லாமல் இவற்றைப் பிள்ளைகள் கையிற் கொடுப்பது எவ்விதத்திலும் தகாது.

வாங்கிய பற்றரியைச் சோதிக்க, மேசைமீது வைத்து வோல்ற்றுமானியால் அளப்பது போதாது. சக்கரத்தைத் தரையிற் பதித்து, வண்டி புறப்படும் அந்தக் கணத்திலே முள் எவ்வளவு இறங்குகிறதென்று பார்க்க வேண்டும்.