இழுக்கும் வண்டி சுமக்குமா?



மே மாதத்து விக்டோரியா நாள் விடுமுறை வந்துவிட்டால் ஒன்ராறியோவில் முகாம் காலம் தொடங்கிவிடும். நானூறாம் இலக்க நெடுஞ்சாலையில் வெள்ளிக்கிழமை மாலை வடக்கே போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள்: பிக்கப் ட்ரக்குகளும் அவற்றின் பின்னால் அசைந்து வரும் நீண்ட வெள்ளைப் பெட்டிகளும். கூடாரத்தில் படுத்து மழையில் நனைந்த நம்மவர்களில் சிலரும் இப்போது, "நாங்களும் ஒரு ட்ரெய்லர் எடுத்தால் என்ன?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். எடுக்கலாம். ஆனால் எந்த ட்ரக்குக்கு எந்த ட்ரெய்லர் என்று பொருத்திப் பார்ப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

ஹாஃப்-டன் பிக்கப் என்று இங்கே சொல்வது ஃபோர்ட் எஃப்-150, செவ்ரோலே சில்வராடோ 1500, ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா போன்ற வண்டிகளை. அரை டன் சுமந்த காலத்தில் வைத்த பெயர். இன்று இவை அதைவிடக் கூடுதலாகவே சுமக்கும். விளம்பரத்தில் பெரிதாக வருவது இழுவை எண். அண்மைக்கால எஃப்-150-இல் சரியான எஞ்சினும் இழுவைப் பொதியும் சேர்ந்தால் 13,500 இறாத்தல், சில்வராடோவில் 13,300, டன்ட்ராவில் 12,000. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு ட்ரெய்லர் விற்கும் இடத்துக்குப் போகிறோம். விற்பனையாளர் 9,000 இறாத்தல் பெட்டி ஒன்றைக் காட்டி, "உங்கள் ட்ரக் இதைச் சிரமமில்லாமல் இழுக்கும்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. இழுக்கும்தான். நாம் கேட்க மறந்த கேள்வி வேறு: சுமக்குமா?

வண்டியில் பூட்டிய மாடு பத்து மூட்டையை இழுத்துக்கொண்டு போகும். அதே மாட்டின் முதுகில் நாலு மூட்டையை ஏற்றினால் படுத்துவிடும். ட்ரெய்லரும் ட்ரக்கின் முதுகில் ஏறுகிறது. முழுவதும் அல்ல, ஒரு பங்கு. அந்தப் பங்கில்தான் ஹாஃப்-டன் ட்ரக்குகள் தோற்கின்றன.

முதலில் அந்த இழுவை எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி ஓர் எண்ணை அறிவித்து, போட்டியாளரைவிட நூறு இறாத்தல் கூடுதல் என்று மார்தட்டியது. 2008இல் வாகனப் பொறியியலாளர் சங்கமான எஸ்ஏஈ, ஜே2807 என்ற பொதுச் சோதனை முறையை வெளியிட்டது. அதை முதலில் ஏற்றது டொயோட்டா, 2011 மொடல் டன்ட்ராவில். டெட்ராய்ட் நிறுவனங்கள் 2015 மொடல்கள் அளவில்தான் வழிக்கு வந்தன. சோதனையின் கடினமான பகுதி அரிசோனாவின் டேவிஸ் அணைக்கு அருகிலுள்ள ஏற்றம். பதினொரு மைலுக்கும் சற்று அதிகமான தூரம், பாலைவன வெயில், வெப்பநிலை குறைந்தது 100 பாரன்ஹைட். ஏசியை முழுவதும் போட்டுக்கொண்டு, மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். எஞ்சின் கொதிக்கக்கூடாது, கியர்பெட்டி தளரக்கூடாது. நல்ல சோதனை, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்த எண்ணைக் கணக்கிடும்போது ட்ரக்குக்குள் இருப்பதாக வைத்துக்கொள்வது 150 இறாத்தல் எடையுள்ள இரண்டு பேரை மட்டுமே. ட்ரெய்லரின் எடையில் பத்து விழுக்காடுதான், ட்ரக்கின் பின்னால் அதை மாட்டும் ஹிச்சின் மேல் அழுத்துவதாகக் கொள்கிறார்கள். பின் இருக்கையில் பிள்ளைகள் இல்லை. ஐஸ்பெட்டி இல்லை, சைக்கிள் இல்லை, விறகு இல்லை. இப்படியா நாங்கள் சுற்றுலா போகிறோம்?

உங்கள் ட்ரக்கின் உண்மையான எண் விளம்பரத்தில் இல்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் டயர் அழுத்தம் எழுதிய சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். பயணிகளும் பொருட்களும் சேர்ந்து இத்தனை கிலோவை, இத்தனை இறாத்தலைத் தாண்டக்கூடாது என்று அதில் இருக்கும். அதுதான் பேலோட். அது மொடலுக்குரிய எண் அல்ல. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அந்த ஒரு வண்டிக்குரிய எண். ஒரே பெயர், ஒரே ஆண்டு, ஒரே நிறம் உள்ள இரண்டு ட்ரக்குகளுக்கிடையே பல நூறு இறாத்தல் வித்தியாசம் இருக்கலாம். நாலு சில்லு இழுவை, பெரிய கபின், கண்ணாடிக் கூரை, மின்சாரப் படி என்று வசதிகள் ஏற ஏற இந்த எண் இறங்கும். ஆக விலை உயர்ந்த ட்ரக்தான் பல நேரம் குறைவாகச் சுமக்கும். பணம் கொடுத்து வாங்குகிறவருக்கு இது கசப்பான செய்தி, ஆனால் சீட்டு பொய் சொல்லாது.

இப்போது கணக்கைப் போடுவோம். பேனா வேண்டாம், கேட்டுக்கொண்டு வாருங்கள். உங்கள் சீட்டில் 1,500 இறாத்தல் என்று வைப்போம், அதாவது 680 கிலோ. குடும்ப ட்ரக்குகளில் இது சாதாரணமாகக் காணும் அளவு. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ட்ரெய்லர் 26 அடி. விற்பனைத் தாளில் வெற்று எடை 5,200 இறாத்தல். வெற்று எடை என்றால் தண்ணீர் இல்லாமல், சட்டிபானை இல்லாமல், படுக்கை விரிப்பு இல்லாமல். அப்படி ஒரு ட்ரெய்லரை வீதியில் எவரும் இழுத்ததில்லை. 40 கலன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் அதுவே 330 இறாத்தல் கூட்டும். இரண்டு காஸ் சிலிண்டர், பேட்டரி, மடக்குக் கதிரைகள், பார்பிகியூ அடுப்பு, அரிசிப் பை, இடியப்ப உரல் என்று சேர்த்தால் 6,500 இறாத்தலுக்குக் கிட்ட வந்துவிடும். அதில் 13 விழுக்காடு ஹிச்சின் மேல் அழுத்தும் என்று வைப்போம். அது 845 இறாத்தல். எடை பகிரும் ஹிச்சின் சொந்த எடை ஒரு 90. இரண்டும் சேர்ந்து 935. மீதி 565 இறாத்தல்.

அந்த 565இல் குடும்பம் உட்கார வேண்டும். அப்பா 180, அம்மா 150, வளர்ந்த மகன் 110, மகள் 80. மொத்தம் 520. மிஞ்சுவது 45 இறாத்தல். ஐஸும் ஆட்டிறைச்சியும் நிரப்பிய ஒரு பெட்டியை ட்ரக்கின் பின்தட்டில் வைத்தால் கணக்கு முடிந்தது. இந்தப் பயணத்துக்கு அப்பம்மாவையும் கூட்டிப்போக வேண்டும் என்றால் எல்லை தாண்டிவிட்டது. அவரை ட்ரெய்லருக்குள் படுக்க வைத்துக்கொண்டு போகலாமே என்று நினைக்க வேண்டாம். ஓடும் ட்ரெய்லருக்குள் ஆள் இருப்பதை ஒன்ராறியோச் சட்டம் தடை செய்கிறது. கவனியுங்கள்: 13,000 இறாத்தல் இழுக்கும் என்று விளம்பரம் செய்த ட்ரக், அதில் பாதி எடையுள்ள ட்ரெய்லரிலேயே தன் எல்லைக்கு வந்துவிட்டது.

அப்படியானால் ஹிச்சின் மேல் அழுத்தும் எடையைக் குறைத்தால் என்ன, சாமான்களை ட்ரெய்லரின் பின்பக்கம் தள்ளிவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். ஆபத்தான யோசனை. டங் வெயிட் என்று சொல்லும் அந்த எடை ட்ரெய்லரின் மொத்தத்தில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு இருக்க வேண்டும். அது குறைந்தால் ட்ரெய்லரின் பின்பகுதி ஊசலாடத் தொடங்கும். பெரிய லொறி ஒன்று கடந்து போகும்போது அது தள்ளும் காற்றே போதும். பெட்டி இடமும் வலமும் அலைந்து, ஒவ்வொரு அலைச்சலிலும் ட்ரக்கின் வாலைப் பிடித்து இழுக்கும். அந்த நேரத்தில் கால் தானாகப் பிரேக்கில் போகும், போகக்கூடாது. வேக மிதியை மெல்ல விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கைக்கெட்டும் இடத்திலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியால் ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் அழுத்த வேண்டும். ஒன்ராறியோவில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயம்.

எடை பகிரும் ஹிச்சைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ட்ரெய்லரைச் சாதாரணக் குண்டில் மாட்டினால் ட்ரக்கின் பின்பக்கம் இறங்கும், முன்பக்கம் எழும்பும். முன்சில்லுகளின் பிடி குறையும், ஸ்டியரிங் இலேசாகிவிடும், முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். இந்த ஹிச்சில் இரண்டு எஃகு விற்கள் உண்டு. அவற்றை வளைத்து மாட்டும்போது பின் அச்சில் குவிந்த பாரத்தில் ஒரு பகுதி முன் அச்சுக்கும், இன்னொரு பகுதி ட்ரெய்லரின் சில்லுகளுக்கும் போகிறது. தெரிந்தவர்கள் இதைக் கண்மதிப்பில் செய்யமாட்டார்கள். ட்ரெய்லர் மாட்டாமல் முன்சில்லின் மேல்வளைவு தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளப்பார்கள், மாட்டியபின் அளப்பார்கள், விற்களை இறுக்கியபின் மறுபடியும் அளப்பார்கள். எழும்பிய முன்பக்கம் பழைய உயரத்துக்குக் கிட்ட இறங்கும்வரை விற்களைப் பிடிக்கும் சங்கிலியில் ஒரு கண்ணி கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள். முகாம் திடலில் ஓய்வுபெற்ற ஒருவர் முழங்காலில் நின்று அளவுநாடாவோடு இதைச் செய்வதைப் பார்த்தால் நின்று கவனியுங்கள். கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. இந்த ஹிச் பாரத்தைப் பங்கிடும். கதவுச் சீட்டிலுள்ள எண்ணை ஓர் இறாத்தல்கூட உயர்த்தாது.

கணக்குப் போட்டதெல்லாம் சரியா என்று பார்க்க ஒரே வழி தராசு. நெடுந்தூர லொறிகள் நிற்கும் இடங்களில் கேட் ஸ்கேல் என்ற பெரிய தராசுகள் உண்டு. அயோவா மாநிலத்தில் 1977இல் தொடங்கிய நிறுவனம். கனடாவிலும் தராசுகள் வைத்திருக்கிறது. முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லரின் அச்சுகள் மூன்றும் தனித்தனித் தட்டில் நிற்கும். எடைகள் தனித்தனியாக அச்சாகி வரும். முழுச் சாமானோடும் குடும்பத்தோடும் ஒரு முறை, ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு ஒரு முறை நிறுத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். லட்சக்கணக்கில் செலவழித்து வண்டி வாங்கியவர்கள் இந்தச் சில டொலருக்குத் தயங்குவது எனக்கு விளங்குவதே இல்லை.

இழுவை எண்ணில் எண்பது விழுக்காட்டுக்குள் நின்றால் போதும் என்று ஒரு விதி வாய்வழியாக உலவுகிறது. எனக்கு அதில் மதிப்பில்லை. பார்க்க வேண்டிய எண்ணை விட்டுவிட்டு, பார்க்கத் தேவையில்லாத எண்ணில் தள்ளுபடி செய்கிற விதி அது. நமது கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 13,000இல் எண்பது விழுக்காடு 10,400. அந்த எடையில் ட்ரெய்லர் மாட்டினால் ஹிச்சின் மேல் அழுத்தும் பாரம் மட்டுமே 1,350 இறாத்தலைத் தாண்டும். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்ததும் ட்ரக் நிரம்பிவிடும். ட்ரெய்லர்களின் மேல் ஒட்டப்படும் "ஹாஃப்-டன்னுக்கு ஏற்றது" என்ற வாசகமும் அப்படித்தான். அது எந்தச் சட்டமும் வரையறுத்த அளவு அல்ல.

எடை ஒருபுறம், காற்று மறுபுறம். ட்ராவல் ட்ரெய்லர் என்பது எட்டடி அகலமும் பத்தடிக்கு மேல் உயரமும் உள்ள சுவர். பதினேழாம் இலக்க நெடுஞ்சாலையில், சுப்பீரியர் ஏரியை ஒட்டி வாவா பக்கம் போகிறவர்கள், ஏரிக்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது எடை கணக்குக்குள் இருந்தும் கை வியர்ப்பதை உணர்வார்கள். நீளம் கூடக் கூட அந்தச் சுவரின் பக்கமும் பெரிதாகிறது. ஹாஃப்-டன் ட்ரக்குக்கு 27 அடிக்கு மேல் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இந்தக் கண்டத்தில் பழைய ஆட்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். வொலி பையம் 1931இல் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் ட்ரெய்லர் அலுமினியத்தில் உருண்டையாக வந்தது அழகுக்காக மட்டும் அல்ல. காற்றைக் கிழித்துப் போகத்தான். கனடாவின் வின்னிபெக்கில் 1968இல் பிறந்த போலர் என்ற ஃபைபர்கிளாஸ் ட்ரெய்லர் 13 அடிதான். முட்டை போல் இருக்கும். அந்தக் காலத்துச் சாதாரணக் கார்களே அதை இழுத்தன. இன்று இந்தியானாவின் எல்கார்ட்டில் இருந்து வரும் பெட்டிகளில் சாப்பாட்டு மேசை, சோபா, மின்சாரக் கணப்பு, வெளிப்புறத்தில் இரண்டாவது சமையலறை எல்லாம் உண்டு. வீட்டை விட்டுப் போவதற்காக வாங்கும் வண்டிக்குள் வீடு முழுவதையும் அடைத்துவிட்டார்கள். இது ரசனைக் கேள்வி. ஆனால் எடை விடை சொல்கிறது.

என் தீர்ப்பு இதுதான். கதவுச் சீட்டில் 1,500 இறாத்தல் உள்ள ட்ரக்கில் நாலு பேர் போகும் குடும்பம், சாமானோடு 6,500 இறாத்தலைத் தாண்டாத ட்ரெய்லரோடு நிற்க வேண்டும். அதற்கும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு பேர் மட்டும் போகிறவர்களுக்கு 7,500 வரை இடமுண்டு. இரண்டடுக்குக் கட்டில் போட்ட 32 அடி ட்ரெய்லர்தான் வேண்டும், அப்பம்மாவும் வரவேண்டும் என்றால், ஹாஃப்-டன்னை விட்டுவிட்டு எஃப்-250, ராம் 2500 போன்ற அடுத்த தர ட்ரக்கை வாங்குங்கள். எதை வாங்கினாலும், சாதாரண ஜி உரிமத்தோடு ஒன்ராறியோவில் இழுக்கக்கூடியது 4,600 கிலோ வரைதான்.

இந்த வார இறுதியில் ட்ரெய்லர் பார்க்கப் போகிறவர்கள், வீட்டிலிருந்து கிளம்பும் முன் உங்கள் ட்ரக்கின் கதவைத் திறந்து அந்தச் சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். விற்பனையாளர் எதைக் காட்டினாலும் முதலில் அந்தப் படத்தை அவரிடம் காட்டுங்கள்.